காகிதப் படையில் ஒரு கணக்குப்பிள்ளை



போன கமிட்டிக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு மணியிலிருந்து ஆறு மணி வரை அசோசியேஷன் ஹாலில் பிள்ளைகள் இரண்டு மேஜைகளைச் சேர்த்துப் போட்டுக்கொண்டு காகிதப் பொம்மைகளை வைத்துச் சண்டை விளையாடுகிறார்கள். ஃபேன் ஓடுகிறது, லைட் எரிகிறது, தரையெல்லாம் வெட்டிய காகிதம் கிடக்கிறது. போதாக்குறைக்கு, பிள்ளைகளுக்கு யுத்தத்தையா சொல்லிக் கொடுப்பது என்று ஒரு கேள்வி. நிறுத்திவிடலாம் என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். முடிவெடுக்காமல் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். இடையில் கிடைத்த நாட்களில் இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். படித்ததை உங்களிடம் சொல்லிவிடுவதுதான் முறை.

முதலில் அது என்ன விளையாட்டு என்று பார்த்துவிடுவோம். நம்மில் பலர் எட்டிப் பார்க்காமலே பேசினோம். நானும் அப்படித்தான்.

ஒரு வீரனின் படம், ஏறக்குறைய 28 மில்லிமீட்டர் உயரம். நம் கட்டைவிரலின் பாதி. முன்பக்கம் ஒரு படம், அதற்கு மேலே தலையோடு தலை ஒட்டினாற்போல் தலைகீழாகப் பின்பக்கத்துப் படம். தலைக்கு மேல் மடித்து ஒட்டினால் இருபுறமும் பார்க்கக்கூடிய ஆள் கிடைத்துவிடுகிறான். பின்பக்கத்துப் படத்தை இடவலம் மாற்றித்தான் வரைய வேண்டும். வலது கையில் வாள் பிடித்தவனைப் பின்னாலிருந்து பார்த்தாலும் வாள் அதே கையில்தானே இருக்க வேண்டும்? மாற்றாமல் வரைந்தால் முன்னால் ஒரு பக்கமும் பின்னால் இன்னொரு பக்கமுமாக இரண்டு வாள் நீட்டிக்கொண்டிருக்கும். முதல் தடவை எல்லாப் பிள்ளைகளும் இந்தத் தப்பைச் செய்திருக்கிறார்கள். உருவத்தைச் சுற்றித் தடித்த கறுப்புக் கோடு போடுகிறார்கள். கத்தரிக்கோல் கொஞ்சம் விலகிப் போனாலும் அந்தக் கோடு காப்பாற்றிவிடும். வெட்டிய ஓரத்தில் தெரியும் வெள்ளையைக் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் தடவி மறைக்கிறார்கள். காலடியில் மடிப்பு விட்டு, பழைய காலண்டர் அட்டையில் ஒட்டினால் நிற்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஆளுக்கு மடிப்பெல்லாம் சேர்த்து 80 மில்லிமீட்டர் உயரமும் 25 மில்லிமீட்டர் அகலமும் வேண்டும். ஒரு ஏ4 தாளில் மூன்று வரிசை, வரிசைக்கு எட்டுப் பேர். ஆக 24 வீரர்கள். நான்கு தாளில் ஒரு படையே வந்துவிடுகிறது. இதையே உலோகத்திலோ பிளாஸ்டிக்கிலோ வாங்குவதென்றால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டுப்படியாகாது.

இன்னொன்றையும் கவனித்தேன். வில்லாளி ஒருவனுக்கு இத்தனை புள்ளி, யானைக்கு இத்தனை, பறக்கும் நாகத்துக்கு இத்தனை என்று விலை வைத்திருக்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் மொத்தம் 100 புள்ளிதான். அதற்குள் படை திரட்ட வேண்டும். இது பட்ஜெட்தான், வேறொன்றும் இல்லை. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் யானையை விட்டுவிட்டுப் பத்து காலாட்களை எடுத்ததற்குச் சொன்ன காரணத்தை, பி.காம். முதலாண்டில் என்னால் சொல்லியிருக்க முடியாது.

இனி வரலாற்றுக்கு வருகிறேன்.

படையைச் சிறிதாக்கி மேஜை மேல் வைப்பதற்கு நம் நாட்டில் பெயர் சதுரங்கம். யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படைதான் அதன் பெயரிலேயே இருக்கிறது. அது ஐரோப்பாவுக்குப் போய், அங்கே பல பேர் அதைப் பெரிதாக்கிப் பார்த்து, கடைசியில் பிரஷ்யாவில் ஒரு புது உருவம் எடுத்தது. 1812-ல் ரைஸ்விட்ஸ் என்பவர் தம் மன்னருக்கு ஒரு மேஜையையே செய்து கொடுத்தார். 1824-ல் அவருடைய மகன், ராணுவத்தில் இருந்தவர், அதைச் சீர்படுத்தி வரைபடத்தின் மேல் ஆடும் ஆட்டமாக்கினார். கட்டைகள்தான் படைப்பிரிவுகள். ஒரு சுற்று என்பது இரண்டு நிமிடப் போர். பகடை உண்டு, நடுவர் உண்டு. ஒவ்வொரு பிரிவுக்கும் எத்தனை பேர் இழப்பு என்று தாளில் கழித்துக்கொண்டே வர வேண்டும். பிரஷ்ய ராணுவம் இதை அதிகாரிகளுக்குப் பயிற்சியாக வைத்துக்கொண்டது. 1870-ல் அவர்கள் பிரான்ஸை வென்றபிறகு மற்ற நாடுகளும் அவசர அவசரமாக இதைக் கற்றுக்கொண்டன. இது விளையாட்டு இல்லை, தொழில். நம் ஹாலில் நடப்பது இந்த வகை என்றுதான் நான் முதலில் நினைத்தேன்.

பிள்ளைகளின் காகித வீரர்களுக்கு வேறு வம்சம். பிரான்ஸின் எல்லையில் ஸ்ட்ராஸ்பர்க் என்று ஓர் ஊர். 1744-ல் பதினைந்தாம் லூயி மன்னர் அங்கே வந்தார். அந்தக் காலத்திலேயே அந்த ஊர் அச்சுக்கூடங்களில் சிப்பாய்களைத் தாளில் வரிசை வரிசையாக அச்சடித்து விற்கத் தொடங்கிவிட்டார்கள். தகரச் சிப்பாய் வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைகள் தாளை வாங்கி, வண்ணம் பூசி, அட்டையில் ஒட்டி, வெட்டி நிறுத்தினார்கள். பிறகு எப்பினால் என்ற ஊரில் பெல்லரின் அச்சகம் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க இந்தத் தாள்களை அடித்துத் தள்ளியது. நம் சிவகாசி சாமி படம் மாதிரி வீட்டுக்கு வீடு போயிருக்கிறது. நாங்கள் சின்ன வயதில் தீப்பெட்டிப் படம் சேர்த்தோமே, அந்த ஆசைதான்.

பிறகு 1913-ல் இங்கிலாந்தின் எழுத்தாளர் ஹெச். ஜி. வெல்ஸ் 'லிட்டில் வார்ஸ்' என்று ஒரு புத்தகம் போட்டார். வீட்டுத் தரையில் பொம்மைச் சிப்பாய்களை வைத்து விளையாட விதிமுறை எழுதிய புத்தகம் அது. நிஜ யுத்தத்தை விட இந்தப் பொம்மை யுத்தம் எவ்வளவோ மேல் என்று அதிலேயே வாதாடுகிறார். அடுத்த வருடமே முதல் உலகப் போர் வந்துவிட்டது. பாவம்.

பூதம், நாகம், மந்திரவாதி இவையெல்லாம் இந்த மேஜைக்கு வந்தது இன்னும் பிந்தி. 1971-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் எழுதிய 'செயின்மெயில்' என்ற விதிநூலின் பின்னிணைப்பாக மாயப் படைகள் நுழைந்தன. 1974-ல் அதிலிருந்து 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பிறந்தது. 1980 வாக்கில் ஸ்டீவ் ஜாக்சன் கம்பெனி அட்டையில் அச்சடித்த வீரர்களைக் கொண்டு வந்தது. இப்போது அவரவர் வீட்டுப் பிரின்டரே அச்சுக்கூடம்.

இதுவரை படித்தபோது, இது வெள்ளைக்காரர்கள் சமாச்சாரம், நம் பிள்ளைகள் பார்த்துச் செய்கிறார்கள் என்ற முடிவுக்குத்தான் வந்தேன். அப்புறம்தான் கஞ்சீஃபா என்ற பெயர் கண்ணில் பட்டது.

கஞ்சீஃபா என்பது வட்டவட்டமான சீட்டு. காகிதத்தையோ துணியையோ அடுக்கடுக்காக ஒட்டி, வண்ணம் தீட்டி, மெருகு எண்ணெய் பூசிச் செய்வது. பணக்காரர்களுக்குத் தந்தத்திலும் ஆமை ஓட்டிலும் செய்தார்கள். தர்பாருக்கு ஒரு தரம், பஜாருக்கு ஒரு தரம். 1527-ல் பாபர் சிந்து தேசத்தில் இருந்த ஒருவருக்குக் கஞ்சீஃபா அனுப்பியதைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அவருடைய பேரன் அக்பர் காலத்தில், அபுல் ஃபசல் தம்முடைய 'அயினி அக்பரி'யில் இந்தச் சீட்டுகளை ஒவ்வொன்றாக விவரிக்கிறார். ப்ளாக்மன் 1873-ல் முடித்த ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்தப் பகுதி இரண்டு மூன்று பக்கம்தான் இருக்கும். நான் அதை நாலைந்து தடவை படித்துவிட்டேன்.

பழைய முறை ஆட்டத்தில் பன்னிரண்டு வகுப்பு, வகுப்புக்குப் பன்னிரண்டு சீட்டு, மொத்தம் 144. ஒவ்வொரு வகுப்பும் ஒரு படை. அசுவபதி, குதிரைப் படையின் அரசன். கஜபதி, யானைப் படையின் அரசன். ஒரிசா மன்னரைப் போல என்று விளக்கமும் இருக்கிறது. நரபதி, காலாட்படை. கடபதி, கோட்டைக்கு அரசன். தனபதி, பொக்கிஷத்துக்கு. தளபதி, நவபதி என்று கவசம் தரித்தவர்களும் கப்பல்களும் வருகின்றன. பிறகுதான் வேடிக்கை. தேவர்களின் படை ஒன்று. பூதங்களின் படை ஒன்று, அதற்கு அரசன் சுலைமான். வனபதியில் அரசன் புலி, மந்திரி சிறுத்தை. அகிபதி நாகங்களின் படை. அதில் பாம்பு மேல் பாம்பு ஏறிச் சவாரி செய்கிறது.

நம் ஹால் மேஜையில் பறக்கும் நாகத்தைப் பார்த்து நான் முகம் சுளித்தேன். நானூறு வருடத்துக்கு முன் ஆக்ராவில் அது சீட்டிலேயே இருந்திருக்கிறது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கஞ்சீஃபா சீட்டாட்டம்தான், மேஜையில் நகர்த்தும் போர் அல்ல. சீட்டுகளைப் பிரித்துக் கொடுத்து, பெரிய சீட்டு சின்னதை வெட்டும். ஆனால் வரைகிறவனுக்கு இரண்டிலும் ஒரே பிரச்சினை. கையகலம்கூட இல்லாத இடத்தில், ஒரு பார்வையில், இது எந்தப் படை, இதில் பெரியவன் யார், சின்னவன் யார் என்று தெரிய வேண்டும். கஞ்சீஃபாக்காரர்கள் வகுப்புக்கு ஒரு பின்னணி நிறம் வைத்தார்கள். அரசனைச் சிங்காதனத்திலோ யானையிலோ உட்கார வைத்தார்கள். மந்திரிக்கு வேறு வாகனம். கீழே இருப்பவர்களை ஒன்று முதல் பத்து வரை எண்ணிக்கையால் காட்டினார்கள். நம் பிள்ளைகளும் படைக்கு ஒரு நிறம், தலைவனுக்குக் கொடி என்றுதான் செய்கிறார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த அளவுக்கு வரைந்தால் வேறு வழி இல்லை.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். பழைய ஆட்டத்தில் அக்பர் சில மாற்றங்களைச் செய்தார் என்று அபுல் ஃபசல் சொல்கிறார். அப்படி வரும் வகுப்புகளில் ஒன்றின் பெயர் 'பராத்'. பணம் கொடுக்கச் சொல்லி எழுதும் உத்தரவு. நம் பாஷையில் சொன்னால் டிராஃப்ட்! அந்தப் படையின் அரசன் சிங்காதனத்தில் உட்கார்ந்து ஃபர்மான்களையும் தஃப்தர் காகிதங்களையும் பார்வையிடுகிறார். மந்திரி முன்னால் தஃப்தரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மற்ற சீட்டுகளில் யார் யார் தெரியுமா? காகிதம் செய்கிறவர், தாளில் கோடு போட உதவும் பலகை செய்கிறவர், பதிவேட்டில் வரவு எழுதும் குமாஸ்தா, ஓரத்தில் கோடு இழுப்பவர், உத்தரவு எழுதுபவர், புத்தகம் கட்டுபவர்.

அதாவது, குமாஸ்தாக்களின் படை.

வங்கியில் முப்பத்தைந்து வருடம் லெட்ஜர் எழுதியவன் நான். மார்ச் 31 ராத்திரி எட்டு ரூபாய் வித்தியாசத்துக்காக விடியும் வரை உட்கார்ந்திருக்கிறேன். எங்களை யாரும் படை என்று சொன்னதில்லை. கம்ப்யூட்டர் வந்தபோது உபரி என்று சொன்னார்கள். யானைக்கும் புலிக்கும் பூதத்துக்கும் சமமாகக் கோடு போடுகிறவனையும் வரவு எழுதுகிறவனையும் ஒரு பாதுஷா சீட்டில் வரையச் சொல்லியிருக்கிறார் என்று படித்தபோது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். வீட்டு அம்மா என்ன ஆச்சு என்று கேட்டார்கள். ஒன்றும் இல்லை என்றேன்.

யோசித்துப் பார்த்தால் அதில் நியாயமும் இருக்கிறது. யானைக்குத் தீனி யார் கணக்கில் போகிறது? சிப்பாய்க்குச் சம்பளம்? பிரஷ்யாக்காரர் இழப்பைக் கணக்கு வைத்தார், வரவைக் கணக்கு வைக்கவில்லை.

ஆக்ரா நமக்கு ரொம்ப தூரம். ஆனால் இந்தச் சீட்டு நமக்குப் பக்கத்திலேயே உச்சத்துக்குப் போயிருக்கிறது, மைசூரில். சேலமும் நாமக்கல்லும் 1792 வரை மைசூரின் கையில் இருந்த பூமிதான். அந்த வருடம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு பாரமகாலையும் சேலத்தையும் கம்பெனிக்குக் கொடுத்தார். அலெக்சாண்டர் ரீடு கலெக்டராக வந்தார், துணைக்குத் தாமஸ் மன்றோ. வந்தவர்கள் முதல் வேலையாக நிலத்தை அளந்து கணக்கெழுத உட்கார்ந்தார்கள் என்பதை மேலே சொன்னதோடு சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

1799-ல் திப்பு விழுந்தபிறகு, உடையார் வம்சத்தில் ஐந்து வயதுக் குழந்தையை மைசூர் அரியணையில் உட்கார வைத்தார்கள். அவர்தான் மும்மடி கிருஷ்ணராஜ உடையார். 1831-ல் ஆங்கிலேயர் நிர்வாகத்தையும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அரசர் என்ற பெயர் உண்டு, ஆள ராஜ்ஜியம் இல்லை. 1868-ல் இறக்கும் வரை அப்படித்தான். அவர் பெயரில் உருவான 'ஸ்ரீதத்துவநிதி' என்ற பெரிய சித்திர நூலில் கௌதுகநிதி என்று ஒரு பகுதி முழுக்க விளையாட்டுகளுக்கே. அதில் பதின்மூன்று வகைச் சீட்டாட்டம். 36 சீட்டில் ஆடுவது முதல் 360 சீட்டில் ஆடுவது வரை. தசாவதாரம், நவக்கிரகம், சாமுண்டேஸ்வரி என்று ஒவ்வொன்றிலும் தேவர்களும் பரிவாரங்களும். மைசூரில் இதற்குச் சட் என்று பெயர். சதுரங்கக் குதிரை அறுபத்து நான்கு கட்டத்தையும் ஒரு தடவை மட்டும் தொட்டு வரும் வழிகளையும் அவர் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கிறார்.

நிஜப் படை கையை விட்டுப் போன ஒருவர் 360 சீட்டில் தேவர்படை திரட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சிலர் இதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் திரட்டிய படையால் ஒரு ஊரும் எரியவில்லை. மைசூர் கஞ்சீஃபா இன்று புவிசார் குறியீடு பெற்ற கலை. நிஜப் படைகள் நம் பக்கம் என்ன விட்டுவிட்டுப் போயின என்று பார்க்க சங்ககிரி மலை ஏறினால் போதும். 1805-ல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட இடம் அது.

போன மாதம் இவ்வளவையும் படித்துவிட்டு ஹாலுக்குப் போனேன். பிள்ளைகள் வெளிநாட்டுக் கதைகளில் வரும் ஆட்களைத்தான் வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். நம்ம ஊர்ப் படை ஒன்று செய்யலாமே என்றேன். "நம்ம ஊர்ல யாருங்க தாத்தா இருக்காங்க?" என்று ஒரு பாப்பா கேட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. கொல்லிமலைக்கு வருடா வருடம் ஆடிப் பதினெட்டுக்கு வல்வில் ஓரி விழாவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம். ஓரி யார் என்று சொல்லிக் கூட்டிப் போகிறோமா?

சொன்னேன். ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் துளைத்து, கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் போய் நின்றது என்று வன்பரணர் புறநானூற்றில் பாடியிருப்பதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த பையன் உடனே, "அப்ப ஒரு அம்புக்கு அஞ்சு பேர் அவுட். அதுக்கு முப்பது புள்ளியாவது வைக்கணும் தாத்தா" என்றான். இருபதா முப்பதா என்று அரை மணி நேரம் வாதம்.

ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர், எதிரி மலையமான் காரியின் குதிரைக்குக் காரி என்று பெயர் என்றதும் இரண்டு குதிரைகளும் அன்றைக்கே வரைந்தாகிவிட்டது. காரி ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனிடம் கொடுத்தான்; அந்தச் சேரன், பெருஞ்சேரல் இரும்பொறை, தகடூரில் அதியமானையும் வீழ்த்தினான். தகடூர் என்றால் நம் தர்மபுரி. இரண்டு தரப்புக்கும் ஆள் கிடைத்துவிட்டார்கள். பூதம் வேண்டும் என்றவர்களுக்குக் கொல்லிப்பாவை இருக்கிறாள். சிரித்தே எதிரியை மயக்கிக் கொல்பவள் என்று மலைக்குக் காவலாக நிறுத்தப்பட்ட உருவம். அவளுக்கு வாள் வேண்டாம், வில் வேண்டாம். அவள் பக்கத்தில் வந்தவன் பகடை போட வேண்டும், அவ்வளவுதான்.

அதியமான் படையில் ஔவையாரையும் சேர்த்திருக்கிறார்கள். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர் அல்லவா? அவருக்கு ஒரு விதி எழுதியிருக்கிறார்கள். ஔவையாரை மேஜையின் நடுவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டால், அந்தச் சுற்றில் யாரும் யாரையும் தாக்கக் கூடாது. விலை பதினைந்து புள்ளி. இதை எழுதியது நான் மேலே சொன்ன அதே பாப்பா.

அடுத்த கூட்டத்தில் என் கை எந்தப் பக்கம் தூக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஃபேன், லைட்டுக்கு மாதம் என்ன ஆகும் என்று மீட்டரைப் பார்த்துக் கணக்கெடுத்து வைத்திருக்கிறேன், கூட்டத்தில் கொடுக்கிறேன். வெட்டிய காகிதத்தைக் கூட்டி அள்ளும் முறைப்பட்டியல் ஒன்றைப் பிள்ளைகளே எழுதிக் கதவில் ஒட்டிவிட்டார்கள். சேரன் படைக்கு இன்னும் நாற்பது ஆட்கள் நிற்க வேண்டியிருக்கிறது. வீட்டில் போன வருடத்துக் காலண்டர் அட்டை இருந்தால் வாட்ச்மேன் அறையில் கொடுத்துவிடுங்கள். யானை, புலி, மான், பன்றி நான்கும் தயார். உடும்பு மட்டும் யாருக்கும் சரியாக வரைய வரவில்லை, பல்லி மாதிரியே வருகிறது. வரையத் தெரிந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு ஹாலுக்கு வரலாம்.

போன வாரம் அவர்களிடம் இன்னொரு ஆளையும் சேர்க்கச் சொன்னேன். மடியில் பதிவேடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள். எத்தனை புள்ளி என்று கேட்டார்கள். ஒரு புள்ளி என்றேன். அவன் என்ன செய்வான் என்று கேட்டார்கள். அவன் மேஜையில் இருந்தால் செலவழிக்காமல் மிச்சம் வைத்த புள்ளியை அடுத்த ஆட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போகலாம், இல்லாவிட்டால் போய்விடும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஒரு புள்ளி ரொம்பக் குறைச்சல் என்று ஐந்தாக்கிவிட்டார்கள்.